தண்ணிக் கழிவு

சேர்க்கை நாள். ஊட்டியில், கல்லூரி வாசலில்
எனக்கொரு மேசை, ஒரு குடை, நூறு துண்டறிக்கை.
ஹானர்ஸ் சேர்ந்தால் என்ன லாபம் என்று
கேட்பவர்களுக்குச் சொல்ல உட்கார்த்தியிருக்கிறார்கள்.

துண்டறிக்கையில் எல்லாம் இருக்கிறது:
உதவித்தொகை, ஒன்பதே பேர் வகுப்பு,
விடுதியில் முன்னுரிமை, பட்டத்தில் கூடுதலாக ஒரு வரி.
மஞ்சூரிலிருந்து வந்த ஒருவர்
மகளின் ஃபைலால் தலையை மூடிக்கொண்டு
"வேலை கிடைக்குமாம்மா?" என்கிறார்.
தெரியாது என்றேன்.
பக்கத்து மேசை என்னை முறைத்தது.

எனக்குக் கிடைத்தது ஒரு சாவி.
தராசு அறைச் சாவி.
கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும்,
நாலு தசமம் வரை காட்டும்,
மூச்சு விட்டால் எண் மாறும்.
முதல் வாரம் என் தலைமுடி ஒன்றை எடை போட்டேன்.
பிறகு ஷம்னாவின் கம்மல் திருகாணி.
பிறகு ஒரு பருக்கைச் சோறு.

மூன்றாம் பருவத்தில்
ஆளுக்கொரு கேள்வி கொண்டு வரச் சொன்னார்கள்.
விடை புத்தகத்தில் இருக்கக் கூடாது,
அது ஒன்றுதான் நிபந்தனை.
ஹாலன் தலைகுந்தாவில் உறைபனி விழும் நிமிஷத்தைக் கேட்டான்.
ஷம்னா கூடலூர்க் கிணறுகளைக் கேட்டாள்.
எனக்கு மூன்று வாரம் எதுவும் வரவில்லை.
கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத
லைன் வீட்டுப் பிள்ளை நான்.

ஜூலை மழையில் சேரம்பாடிக்குப் போனேன்.
கொட்டகைக் கொக்கியில் அம்மாவின் சாக்கு ஆடியது.
பதினெட்டு கிலோ.
"தண்ணிக்கு மூணு" என்று
கணக்கப்பிள்ளை பதினைந்து எழுதினார்.
அம்மா சாக்கை உதறி நாலாக மடித்தாள்.
இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் மடிக்கிறாள்.

ஒரு பை கொழுந்தோடு முதல் பஸ் ஏறினேன்.

நனைந்த இலைக்கும் ஒற்றித் துடைத்த இலைக்கும் நடுவே
நிற்கிற மழை எவ்வளவு?
நாலு மாதம் நிறுத்தேன்.
மற்ற எட்டுப் பேரும் என் கணக்கைக் கிழித்தார்கள்.
காற்றை விட்டுவிட்டாய் என்றான் ஹாலன்.
சாக்கு குடிக்கும் தண்ணீர் எங்கே என்றாள் ஷம்னா.
மறுபடி நிறுத்தேன்.
அதுவரை என்னை
இத்தனை மரியாதையாக யாரும் மறுத்ததில்லை.

எங்கள் டிவிஷன் இலையில், அந்த மழையில்,
பதினெட்டுக்கு ஒன்றே கால்.
கூடவோ குறையவோ நூறு கிராம்.

போனில் சொன்னேன்.
அம்மா வெகுநேரம் பேசவில்லை.
அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும்.
பிறகு,
"வெயில் நாள்லயும் ரெண்டு கழிக்கிறாங்களே வாணி,
அது எந்தத் தண்ணி?"

இரண்டாம் அத்தியாயத்துக்கு
அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

மஞ்சூர்க்காரர் இன்னும் நிற்கிறார்.
அவர் மகள் குடைக்குள் ஒரு எட்டு வைத்து
அந்தத் தராசைப் பார்க்கலாமா அக்கா என்கிறாள்.
துண்டறிக்கைகள் பறக்காமல் ஒரு கல்லை வைத்துவிட்டு
எழுந்திருக்கிறேன்,
சாவி எந்தப் பையில் என்று தடவிக்கொண்டே.