ஆறாம் பாடம்: வீட்டுப் பொருட்கள்

மேசை பெண்ணாம்.
கதிரை பெண். கதவு பெண்.
கதவின் சாவியும் பெண்.
கட்டில் ஆண்.
கத்தியும் ஆண், பெயர் கூத்தோ.
நான் சிரித்துவிட்டேன்.
மதாம் ஜோஸ்லீன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
எப்படிச் சொல்வேன்,
மேசையை 'அது' என்று விட்டுவிட்டு
நிம்மதியாகச் சாப்பிட்ட மொழிக்காரி நான்.
இங்கே ஒரு கரண்டியைக்கூட
ஆணா பெண்ணா என்று விசாரித்துத்தான்
கையில் எடுக்க வேண்டும்.

மொன்றியல், பார்க் எக்ஸ்ரென்சன்,
இரண்டாம் மாடி, மாலை ஆறரை.
வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு.
பன்னிரண்டு பேர், ஒன்பது நாடு,
ஈர ஜாக்கெட்டுகளின் ஒரே மணம்.
தொண்ணூறு என்றால்
நாலு இருபதும் ஒரு பத்தும் என்றதும்
லெஸ்யா பேனையை எறிந்தாள்.
நான் வாயே திறக்கவில்லை.
ஒன்பது பத்துகளை அடுக்கிவைத்துவிட்டுத்
தொண்ணூறு என்று
நூறை வம்புக்கு இழுக்கிற நாங்கள்
அடுத்தவர் கணக்கைப் பார்த்துச் சிரிக்கலாமா?

து என்றால் நீ, வூ என்றால் நீங்கள்.
அதற்கு மட்டும் எனக்கு முழுப் புள்ளி.
கியுசீன் என்று மதாம் பலகையில் எழுத,
எங்கள் குசினிதானே என்று
பத்து நிமிடம் ஓய்வெடுத்தேன்.

பிறகு படிவம் நிரப்பும் பயிற்சி.
பெயர்: சுகிர்தா.
வயது: நாற்பத்திரண்டு வைத்திருக்கிறேன்.
(வயதையும் பசியையும் குளிரையும்
இவர்கள் சில்லறை போல வைத்திருக்கிறார்கள்.)
வேலை: பெட்டிக்குள் கேக் வைத்து மூடி போடுவது.
மூடிக்குச் சொல் தெரியாததால்
கத்தோ என்று மட்டும் எழுதினேன்.
குடும்ப நிலை:
மதாம் நாலு சொற்கள் தந்தார்.
நான் மூன்றாவதை எடுத்தேன்.
செப்பாரே.

வாய்விட்டு வாசித்தேன். செப்பாரே.
வாடகை நாளுக்கு முந்திய இரவு
சோற்றுக் குக்கரையும் குளிர்ச் சப்பாத்தையும்
தூக்கிக்கொண்டு ரொறன்ரோ பஸ் ஏறியவர்
ஏன் என்று
செப்பாரே.

"பெண் என்றால் கடைசியில் இன்னோர் எழுத்து.
அது கேட்காது, ஆனால் இருக்க வேண்டும்"
என்றார் மதாம்.
எழுதிய எழுத்தெல்லாம் வாய் திறக்கும்
மொழியிலிருந்து வந்தவள்
அந்த எழுத்தை இரண்டுதரம் அழுத்தினேன்.
தாள் கிழிந்தது.

சனிக்கிழமை, ஜான்-தலோன் வீதிச் சலவைக்கடை.
இரண்டு குற்றிகளை விழுங்கிவிட்டு
ஏழாம் இலக்கம் சும்மா நின்றது.
எனக்குக் கோபம் தமிழில் வந்தது.
ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிட்டது.
காசுப்பெட்டியடியில் குறுக்கெழுத்து நிரப்பும் மனுசியிடம்
கூடையை இடுப்பில் வைத்தபடி போய்
ஒழுங்காகச் சொன்னேன்:
எல் ந மார்ஷ் பா.
அவள் நடக்கிறாள் இல்லை.
இந்த ஊரில் இயந்திரங்கள்
வேலை செய்வதில்லை, நடக்கின்றன.

மனுசி வந்தாள். காதை வைத்துக் கேட்டாள்.
அதன், இல்லை, அவளின் இடப்பக்கம்
முழங்காலால் ஒரு தட்டு.
உள்ளே தண்ணீர் விழுந்தது.
"வோலா. எல் மார்ஷ்."

ஒரு திருத்தமும் சொல்லாமல்
தன் கட்டங்களுக்குத் திரும்பிப் போனாள்.
நான் அதற்காகவே காத்திருந்தேன், திருத்துவாள் என்று.

நாற்பது நிமிடம் கண்ணாடி வட்டத்தின் முன்னால்.
ஒரே ஒருத்தியின் உடுப்பு,
பெரிய இயந்திரம், புரள நிறைய இடம்.
கைபேசியில் ரொறன்ரோ இலக்கம் ஒன்று
நாலுமுறை அடித்து நின்றது.

வெளியே பனி பெண், குளிர்காலம் ஆண்.
சந்தியில் பச்சை விழும்வரை
எல் மார்ஷ், எல் மார்ஷ் என்று
சால்வைக்குள் சொல்லிப் பார்த்தேன்.
வீட்டுக்கு வந்து மடிக்கும்போதுதான் தெரிந்தது,
ஒரு காலுறை அங்கேயே தங்கிவிட்டது.
அது ஆணா பெண்ணா என்று
திங்களன்று மதாமிடம் கேட்க வேண்டும்.