எட்டு சென்ட்

அண்ணனுக்குச் சோறு கொண்டுபோகிறேன்.
கோத்தகிரி, டானிங்டன் தாண்டிச் சரிவில் இறங்கும் டாஸ்மாக்,
பின்வாசல்.
மூன்றாம் செமஸ்டர் முடித்து
யேனாவிலிருந்து வந்து ஐந்து நாள்.
இன்னும் ராத்திரி ரெண்டு வரை தூக்கமில்லை.

"கண்ணாடியில படிக்க என்னடி இருக்கு?"
கேட்டுக்கொண்டே டிபன் கேரியரைத் திறக்கிறான் நிரோஷன்.
அவனைச் சுற்றி ஆளுயரத்துக்குக்
காலிக் கண்ணாடி.
ஒளி எப்படி உள்ளே போகிறது,
எங்கே வளைகிறது, போகிற வழியில் எவ்வளவு தொலைகிறது
என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறேன்.
மத்தி ஆறிவிடும்.

இங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி,
காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள்.
காட்டில் விலங்குகளின் காலில் கண்ணாடி ஏறுகிறதாம்.
ஒவ்வொன்றிலும் கடையின் ஸ்டிக்கர்.
"குடிக்கிறவன் எவன் திருப்பித் தர்றான்?
சோலைக்குள்ள வீசிட்டுப் போயிடுவான்.
கொண்டு வர்றதெல்லாம்
பொறுக்கிங்க."

பொறுக்கி.
சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகத்தான் சொன்னான்.

யேனாவில் ஞாயிற்றுக்கிழமை
ஊர் எழுந்திருக்க ஒன்பது மணியாகும்.
ஆறரைக்கே ஆற்றங்கரைப் பூங்காவில் இருப்பேன்.
முதுகில் லேப்டாப் பை, லேப்டாப் இல்லாமல்.
பீர் பாட்டிலுக்கு எட்டு சென்ட்.
தகர டப்பாவுக்கு இருபத்தைந்து, நசுங்கியிருக்கக் கூடாது.
சிலர் தொட்டிக்குள் போடாமல்
பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போவார்கள்,
கைவிட்டுத் துழாவ வேண்டாமே என்று.
அந்த மரியாதைதான் தாங்க முடியாது.

திங்கட்கிழமை சூப்பர்மார்க்கெட்டில்
மெஷின் வாய்க்குள் ஒவ்வொன்றாய் ஊட்டுவேன்.
பிடிக்காததைத் திருப்பித் துப்பும்.
துடைத்து, கோட்டுக் குறியைத் திருப்பி, மறுபடி.
பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடமாட்டார்.
விட்டிருக்கலாம்.

வாடகை ஏறிய குளிர்காலம் அது.
பூட்டிய கணக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் திறக்கும்.
வீட்டில் கேட்டிருக்கலாம்.
வீட்டில்
அம்மாவின் சங்கிலியும் இவனுடைய மோதிரமும்
கூட்டுறவு வங்கியில் இருந்தன.

அந்த எட்டு சென்ட்டுக்கு அங்கே பெயர் ப்ஃபாண்ட்.
கோயம்புத்தூரில் ஜெர்மன் எடுத்த ஹெலன் மிஸ்
டெபாசிட் என்று போர்டில் எழுதிப் போட்டார்.
அகராதியில் இன்னொரு பொருளும் இருந்தது:
அடகு.

வாசலில் சாக்கு மூட்டையோடு ஓர் அக்கா.
பச்சை ஸ்வெட்டர், ஒரு கையில் மட்டும் உறை.
முப்பத்திரண்டு பாட்டில்.
பதினான்கில் ஸ்டிக்கர் இல்லை.
"மழையில ஊறிப் போச்சு சார்."
"ஸ்டிக்கர் இல்லாட்டி காசு இல்லம்மா, மெஷின் எடுக்காது."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
கழுத்தைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டி,
துப்பட்டாவில் சேறு துடைத்து,
விரலிடுக்கில் நான்கு நான்காய் எடுத்து நிறுத்தி,
சாக்கை உதறித் திருப்பிப் போட்டதில்
சணலோடு ஒட்டிக்கிடந்த ஸ்டிக்கர்கள்
ஒன்பது கிடைத்தன.
ஐந்து கிடைக்கவில்லை.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.
"இவ்வளவு வேகமா எங்கடி பழகின?"
"லேப்ல."
தலையாட்டினான்.
முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.
கை கழுவி வந்து
இருநூற்றி எழுபது எண்ணி வைத்தான்.

பணத்தை மடித்து ஸ்வெட்டருக்குள் வைக்கும்வரை
அந்த அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.
பிறகு பார்த்தாள். முகத்தை அல்ல.
வலது கட்டைவிரலோரம்
வெள்ளையாய் ஓடும் வெட்டுத் தழும்பை.

"கழுத்து உடைஞ்சதத் தொடாதம்மா,"
என்றாள், அண்ணனுக்குக் கேட்காத குரலில்,
உறை போட்ட கையை லேசாகத் தூக்கிக் காட்டி.
"இந்த மாதிரி ஒண்ணு வாங்கிக்கோ."