எழுத்தின் உயரம் முப்பத்தைந்து

பின் தகட்டில் எழுத்து முப்பத்தைந்து மில்லிமீட்டர் உயரம்,
எண் நாற்பது.
கோட்டின் தடிமன் ஏழு, இடைவெளி ஐந்து.
பதினோரு வருடமாய் இதை அளந்துதான்
எனக்குச் சம்பளம்.

வில்லுக்குறிப் பாலம் தாண்டி மேற்கே
ஜீப் கண்ணாடியில் ஆனிச் சாரல்.
தாணு அண்ணன் கை நீட்ட நீட்ட
வரிசையாய் நின்றன:
'அப்பாவின் பரிசு' என்று ஒரு தகடு,
எட்டையும் நாலையும் வளைத்து
ஒரு பெண்ணின் பெயராக்கிய தகடு.
வக்கீல் ஸ்டிக்கரோடு வந்தவர்
கால்மணி நேரம் சட்டம் பேசினார்,
ஐந்நூறு கட்டிவிட்டுப் போனார்.

பிறகு அந்தப் பையன்.
கீழ் மூலையில் எண்,
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி ஒடுங்கி.
மேலே பாதித் தகட்டுக்குச் சிவப்பில்
'ஏசுவடியான் பொறியியல் கல்லூரி',
பக்கத்தில் பல்சக்கரம்,
சக்கரத்துக்குள் ஒரு விளக்கு.

"காலேஜ் பேரு போடக்கூடாதுன்னு தெரியாதா?"
"தெரியும் மேடம்."
"எந்த வருஷம்?"
"மூணோட நின்னு போச்சு."
"ஏன் நின்ன?"
"நான் நிக்கல்ல மேடம்.
காலேஜாக்கும் நின்னது."

பெயர் பெர்ஜின்.
குளச்சலில் ஐஸ் கம்பெனியில் வேலை,
கம்ப்ரசர் மக்கர் செய்தால் இவனைத்தான் கூப்பிடுவார்களாம்.
வங்கி பூட்டிய அலுவலக அறைக்குள்
இவனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கிடக்கிறது.
வேறு கல்லூரிக்கு மாற்றுகிறோம் என்றவர்கள்
அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்டார்களாம்.

என் கைக்கருவியில்
மாநிலம், அலுவலகம், வரிசை, எண், குற்றம்
என்று கட்டங்கள் உண்டு.
படித்த இடம் என்று ஒன்று இல்லை.

"பிச்சிரு" என்றேன்.
நகத்தால் வலமிருந்து தொடங்கினான்.
'கல்லூரி' சுலபமாய் வந்தது.
'பொறியியல்' சுருண்டு, இரண்டாய்க் கிழிந்து வந்தது.
'ஏசுவடியான்' மட்டும் விடவில்லை.
நிறுவனர் பெயர், நல்ல பசை.
தாணு அண்ணன் ஜீப் சாவியைக் கொடுத்தார்.
அவன் சுரண்டினான்.
மழையில் சிவப்புத் தூள் அவன் மணிக்கட்டு வரை வழிந்தது.

தகடு வெளுத்தபிறகும்
எண் சின்னதுதான்.
அதற்கு ஐந்நூறு.
விட்டிருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள்.
விடவில்லை.

வியாழக்கிழமை எஃப்.சி.க்கு ஒரு பஸ் வந்தது.
மஞ்சள் தகடு, கறுப்பு எழுத்து,
அறுபத்தைந்து உயரம், பத்து, பத்து.
ஸ்கேல் வைத்தேன், ஒரு குற்றமும் இல்லை.
பக்கவாட்டில் ஏதோ மழலையர் பள்ளியின் பெயர்,
அன்னாசிப் பழம், முயல்.
முயலின் காதுக்கு அடியில் பெயின்ட் உப்பி
சிவப்பு எழுத்து ஒன்று தெரிந்தது.
'ஏ'.

பதிவேட்டைப் புரட்டினேன்.
முதல் உரிமையாளர்: ஏசுவடியான் கல்வி அறக்கட்டளை.
எண்: 2001.
கல்லூரி தொடங்கிய வருடத்தைக்
கேட்டு வாங்கியிருக்கிறார்கள்,
அரசுக்குப் பணம் கட்டி, ரசீதோடு.
ஆறு பஸ்ஸுக்கும், ஆறு வரிசையில், அதே எண்.
பெயரை எழுதினால் அபராதம்.
வருடத்தை எழுத அரசிடமே விலைப்பட்டியல் உண்டு.

விற்றாலும், நிறம் மாற்றினாலும்
வண்டியோடு போகும் அந்த எண்.
மற்ற ஐந்தும் எங்கே என்று தேடினேன்.
ஒன்று ரப்பர் எஸ்டேட்டில் ஆள் ஏற்றுகிறது.
ஒன்று மார்த்தாண்டத்தில், கல்யாணங்களுக்கு.
மூன்றுக்கு வரி கட்டவில்லை.

பிரேக் பார்த்தேன், கதவு பார்த்தேன்,
முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

காலை எட்டேகாலுக்குச் சுங்கான்கடை ஏற்றத்தில்
அது முக்கி முக்கி ஏறும்.
ஐஸ் கம்பெனிக்கு எந்த வழியாகப் போவாய் என்று
அந்தப் பையனிடம் நான் கேட்கவில்லை.
பின்சீட்டுப் பிள்ளைகள்
பின்னால் வருகிற எல்லோருக்கும் கை காட்டுகிறார்கள்.