தோராயமாக

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
சரக்கு வண்டி குறுக்கே நிற்கிறது,
போகவும் இல்லை, வரவும் இல்லை.
ஸ்கூட்டரில் என் கால்களுக்கு நடுவே ஐஸ் பெட்டி;
உள்ளே பதினோரு மாடுகளின் ரத்தம்,
கூடவே ஒரு நாயின் ரத்தம்.

தேசம்மாவின் மாடு
ஏழாம் மாதமே கன்றைப் போட்டுவிட்டது.
இந்தச் சந்தில் இது மூன்றாவது.
கையை முழங்கை வரை விட்டு
அவளேதான் இழுத்தாளாம், உறை ஏதும் இல்லாமல்.
இளங்கொடியைக் கட்டித் தொங்கவிட
இங்கே ஆலமரம் ஏது?
சிமெண்டுச் சாக்கில் சுற்றிக்
கால்வாய் ஓரம் வைத்திருக்கிறாள்.
விடிவதற்குள் இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டது
ஒரு செவலை நாய்.

அதனால்தான் நாயும் என் ஆய்வுக்குள் வந்தது.
எத்திராஜ் வலை போட்டுப் பிடித்தார்,
நான் உதட்டைத் தூக்கினேன்.
கீழ்த்தாடையில் முன்பல் ஆறு.
முளைக்கும்போது ஒவ்வொன்றிலும் மூன்று முனை இருக்கும்,
மல்லி மொட்டு விரியப் பார்ப்பதுபோல.
நடுப்பல் இரண்டு வயதில் மழுங்கும்,
அடுத்தது அதற்கடுத்த வருஷம்,
இப்படியே போகும் பாடப்புத்தகத்தின் கணக்கு.
புத்தகத்து நாய் தட்டில் சாப்பிட்டது.
இதுவோ எலும்பு, தார்ப்பாய், தகரம்,
இப்போது எத்திராஜின் வலைக் கம்பியும்.
பல் ஒன்பது என்கிறது.
டார்ச் அடித்தால் கண்ணில் நீலப் புகை இல்லை,
கண் ஐந்து என்கிறது.
படிவத்தில் வயதுக் கட்டம் சின்னது:
"5–6, தோராயமாக" என்று நெருக்கி எழுதினேன்.

"இன்னாம்மா, பல்லப் பாத்தா வயசு தெரிஞ்சிடுமா?"
தேசம்மா கேட்டாள்.
"மாட்டுக்கு நான் சொல்றேன் பாரு.
கொம்புல வளையத்த எண்ணு, ரெண்ட கூட்டு."
எண்ணினேன். ஏழு வளையம், கூட்டினால் ஒன்பது.
அவள் சொன்னதும் ஒன்பதுதான்.
பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்:
"எனுக்குத்தான் கொம்பு இல்ல.
ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கீறான்.
எங்க தெருவுல பாதிப் பேரு
அன்னைக்குத்தான் பொறந்தாங்க.
நீயே என் பல்லப் பாத்து சொல்லேன்."

ஈ என்று காட்டினாள்.
வெற்றிலைக் கறை. இடது பக்கம் இரண்டு இல்லை.
எனக்குப் படித்துக் கொடுத்த வாய் இல்லை இது.
பல்லை விட்டுவிட்டு வேறு கேட்டேன்.
காய்ச்சல் வருமா?
"சாயங்காலமானா காயும்,
விடிஞ்சா வேத்து வுட்டுடும்.
மெடிக்கல்ல ரெண்டு மாத்திர வாங்கிப் போட்டுக்கினு
பால் கறக்கப் போயிடுவேன்."
இடுப்பு வலி?
"அது யாருக்குத்தான் இல்ல."
பால் காய்ச்சாமல் குடிப்பீர்களா?
"கறந்ததும் ஒரு மடக்கு.
சூடாத்தானம்மா இருக்கும் அது."

வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு ரத்தத்தெளிவு,
ஒரு சொட்டு இளஞ்சிவப்புச் சாயம்.
நான்கு நிமிடம் ஆட்ட வேண்டும்.
திரிந்த பாலைப்போல மணல்மணலாய்த் திரண்டால்
அந்த மாட்டைப் பிரித்துக் கட்டச் சொல்ல வேண்டும்,
பாலை விற்காதே என்று சொல்ல வேண்டும்.
டீக்கடைக்காரரிடம் வாங்கிய முன்பணத்தைப் பற்றி
ஆய்வு முறையில் ஒரு வரியும் இல்லை.
தேசம்மாவின் ரத்தத்தை எடுக்க
எனக்கு அனுமதியும் இல்லை.
நான் மாட்டு டாக்டர்.
ஸ்டான்லிக்குப் போங்கள், மாடு வைத்திருப்பதை
முதலில் சொல்லுங்கள் என்று
சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.
போவாளா, தெரியாது.

நாயின் படிவத்தைத் திருப்பி
பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்:
பெண். மாலைக் காய்ச்சல். இடுப்பு.
வயது என்று தொடங்கி
அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பெட்டியின் மூலையிலிருந்து
ஐஸ் தண்ணீர் சொட்டிச் செருப்பை நனைக்கிறது.
மாதவரம் போய்ச் சேர இன்னும் அரை மணி.
பக்கத்து பைக்காரர் எட்டிப் பார்க்கிறார்.
"காசிமேடா? இன்னா மீனு?"
என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள்
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி
பின்னால் போகிறது.