மெல்லாமல் விழுங்க

நேற்று மாலை கம்பியை வெட்டி எடுத்தார்கள்.
ஆறு வாரமாய் ஜெசிந்தாவின் இரண்டு தாடைகளும்
விவாகரத்து கிடைக்காத தம்பதி போல
கட்டிக் கிடந்தன.
ஸ்ட்ராவில் கஞ்சி, ஸ்ட்ராவில் மைலோ,
போனில் தட்டிக் காட்டிய சண்டைகள்.
வாய் திறந்ததும் முதலில் வந்த சொல்
அப்பா இல்லை.
பன்றிக்கறி.

"இன்னும் பத்து நாள் மெல்லக் கூடாது" என்றார் டாக்டர்.
"விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அது மட்டும்தான்."

ஜெலுத்தோங் பசாரில் காலை ஆறரை.
இருபது வருஷமாய் ஒரே கடை, ஆ ஹுவாட் கடை.
அவன் மகன்தான் மோட்டாரை ஓட்டியவன்.
பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் மகள்.
விரைவுச்சாலை வளைவு, மழை, கொஞ்சம் மணல்.
அந்தப் பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு,
அவ்வளவுதான்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
இன்னொருவன் பிள்ளைக்கு எலும்பு முறியவில்லையே என்று
ஆறு வாரம் வருந்திக்கொண்டு திரிந்த மனுஷன் நான்.

முதலில் எதிர்க்கடைக்குத்தான் போனேன்.
அங்கே கொழுப்பு மஞ்சள் தட்டியிருந்தது.
ரோஷத்தைக் கறியில் போட்டு வேகவைக்க முடியுமா?
திரும்பி வந்து நின்றேன்.

ஆ ஹுவாட் நிமிரவில்லை.
கேட்காமலே வயிற்றுப் பாகத்தில் கத்தியை வைத்தான்,
தோல், கொழுப்பு, சதை, மறுபடி கொழுப்பு.
"வாய் திறந்தாச்சா?" மலாயில் கேட்டான்.
"திறந்தாச்சு."
தராசு ஒன்றரைக் கிலோ காட்டியது.
அவன் ஒரு கிலோவுக்குக் காசு சொன்னான்.
நான் ஒன்றரைக்கு வைத்தேன்.
மிஞ்சிய பத்து ரிங்கிட் தாள்
பலகை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு
இருவருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.
"சின்ன நெருப்பு" என்றான் கடைசியில்.
எனக்கே சொல்கிறான்.

பதினோராம் மாடி. கீழ்வீட்டு ரொகானா
கம்பியில் துணி காயப்போட்டிருந்தாள்,
அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன்.
தோல்பக்கத்தை அடியில் வைத்து
அதன் கொழுப்பிலேயே அதைப் பொரித்தேன்.
சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு, சோம்பு,
ஒரு நட்சத்திரப் பூ, கறுப்புக் கிச்சாப் ஒரு கரண்டி.
மிளகு கொஞ்சம். மிளகாய் கிடையாது,
ஈறெல்லாம் இன்னும் புண்.
மிளகாயில்லாமல் நான் பன்றியைத் தொட்டது
இதுவே முதல் தடவை.
இரண்டாம் பாலை மூழ்க ஊற்றி மூடினேன்.

முதல் ஒரு மணி நேரம்
கறி முன்னைவிட இறுகும்.
தெரியாதவன் அங்கேதான் நெருப்பை ஏற்றுவான்.
நான் கைகட்டி நின்றேன்.
துறைமுகத்தில் இரும்புப் பெட்டிகளை
ஃபோர்க்லிஃப்டில் தூக்கி வைக்கிறவன்,
ஒரு மூடியைத் திறக்காமலிருக்க
இத்தனை பாடு.

இரண்டரை மணிக்குக் கரண்டி முனை பட்டதும்
ஒரு துண்டு தானாய்ப் பிரிந்தது.
அப்போதுதான் முதல் பால்.
கொதிக்க விட்டால் திரிந்துவிடும்,
ஓரத்தில் ஒரு குமிழி வந்ததும் அடுப்பை அணைத்தேன்.
வெள்ளையுமில்லை, கறுப்புமில்லை, தேத்தண்ணி நிறம்.
கரண்டியின் முதுகில் வழியாமல் நின்றது குழம்பு.

அவள் ஒரு துண்டை நாக்கில் வைத்து
அண்ணத்தோடு அழுத்தினாள்.
கண் மூடியிருந்தது, தொண்டை ஏறி இறங்கியது.
நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன்.
"உப்பு பத்தலை" என்றாள்,
இடது பக்கம் கொஞ்சம் கோணிய அந்தப் புது வாயால்.
மூன்றாம் தடவை போட்டுக்கொண்டாள்.

பிறகு, தட்டைப் பார்த்தபடியே,
"ஒரு டப்பாவில் எடுத்து வைப்பா."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
அடிப்பிடித்ததை ஒதுக்கி
தோல் குலையாத துண்டுகளாய்ப் பார்த்து
ஆறு எடுத்து வைத்தேன்.
மேலே குழம்பு ஊற்றினேன்.
மூடப்போனவன் ஒரு துண்டைத் திரும்ப எடுத்து
நானே தின்றேன்.