ஒன்றரை மில்லிமீற்றர்

குச்சவெளிக்கு மேற்கே, வீரை மரத்தடியில்
ஜவாஹிர் சருகு அரித்தான்.
புனலுக்கு மேலே நாற்பது வாற் குமிழ்.
மூன்றாம் இரவு
மதுசாரக் குப்பிக்குள் விழுந்து கிடந்தது
எள்ளில் பாதி.

எழுதுகிறேன்.
நிறம்: ஆறிய பிளேன்ரீ.
கண்: பக்கத்துக்கு ஆறு வில்லை.
முதுகெல்லாம் குழி, குழிக்கொரு மயிர்.
சிறகு: இல்லை.
மேலோடு இரண்டும் ஒட்டிவிட்டன, திறவா.

ஆக, இது எங்கும் போகவில்லை.
ஷெல் விழுந்த வருஷமும்
இதே சருகின் ஈரத்தில்தான்.
படகேறியது நாங்கள்.

பெயர் வைத்தாயிற்று.
இடம் என்ற வரியில் பேனா நிற்கிறது.
வரைபடத்தில் ஒன்று,
தெருப்பலகையில் வேறொன்று,
ஜவாஹிர் சொல்வது மூன்றாவது.

லேபிள் சுண்டுவிரல் நகமளவு.
மூன்றையும் எழுதி முடித்தேன்.
வண்டின் பெயருக்கு
இடமில்லை.