ஏட்டில் ஆறு நிமிடம்

கிழக்கு நங்கூரத் துறை.
பெர்த் கிடைக்க இன்னும் இரண்டு நாள்.
கப்பல் சும்மா கிடந்தால்
கேப்டனுக்குப் பயிற்சி ஞாபகம் வந்துவிடும்.

மாலை நாலரைக்கு ஊதல், மூன்று நீளம்:
ஆள் கடலில்.
ஆள் இல்லை அது.
சாக்கும் பஞ்சும் தக்கையும் திணித்த பொம்மை.
ரொட்ரிகோ ஊருக்குப் போகும்போது விட்டுப்போன
ஆரஞ்சு பாய்லர் சூட்,
நெஞ்சில் அவன் பெயர் அப்படியே.
சமையற்கட்டுப் பையன் மார்க்கரில் கண் வரைந்திருந்தான்,
ஒன்று கொஞ்சம் பெரிது.

மீட்புப் படகின் எஞ்சின்
ஏழாவது இழுப்பில் இருமி
எட்டாவதில் செத்தது.
கொக்கியை எப்படி விடுவிப்பதென்று
கேடட் லெனின் என்னைப் பார்த்தான்.
நான் போசனைப் பார்த்தேன்.
அதற்குள் நீவாடு தூக்கிக்கொண்டது.
எங்கள் தூத்துக்குடி நீவாட்டுக்கு இத்தனை அவசரம் இல்லை.
இது இரண்டு கடலுக்கு நடுவே ஒரு சந்து,
இங்கே தண்ணீருக்கும் வேலைக்கு நேரமாகிவிடுகிறது.
நிற்கும் கப்பல்களின் இடுக்கில்
ஆரஞ்சு சிறுத்து, குன்றிமணியாகி
இல்லாமல் போனது.

எழுது, என்றார் கேப்டன்.
எழுதினேன்.
ஆள் மீட்கப்பட்டார். ஆறு நிமிடம். திருப்தி.
அதே பேனாவில், அடுத்த ஏட்டில்
என் ஓய்வு நேரம்: பத்து மணி.
தூங்கியது ஐந்தே கால்.

நள்ளிரவு முதல் நாலு வரை காவல் எனக்கு.
பிரிட்ஜில் ஒரு பெட்டி
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூவும்:
முழித்திருக்கிறாயா?
பொத்தானை அழுத்துவேன்.
விரலாவது முழித்திருக்கும்.
சாங்கிக்கு இறங்கும் விமானங்கள்
விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையில் வரும்.
கரையில் ஒரு விளக்கைக் குறிவைத்து
நங்கூரம் இழுக்கவில்லை என்று எழுதிவைப்பேன்.
அது மட்டும் பார்த்து எழுதியது.

ஒன்று நாற்பதுக்கு வானொலி.
பதற்றமே இல்லாத பெண் குரல்
எல்லாக் கப்பல்களுக்கும்:
ஆரஞ்சு உடையில் ஓர் ஆள், முகம் கவிழ்ந்து.
எண்ணெய்ப் படகு ஒன்று பார்த்திருக்கிறது.
கூர்ந்து கவனியுங்கள்.

நீவாடு திரும்பியிருந்தது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது.
மிதக்கும்.

கொள்கலன் கப்பல் ஒன்று வேகம் குறைத்தது,
அதற்குப் பின்னால் வந்தவையும்.
இழுவைப் படகுகள் விளக்கைத் தண்ணீரில் தேய்த்தன.
ரேடாரில் காவல்படைப் படகுகள் இரண்டு
கோடு போட்டுத் தேடின.
ஏதோ டேங்கரிலிருந்து ஒருவன்,
கொச்சை ஆங்கிலம், வயசுக் குரல்:
இடப்பக்கம் பார்த்தோம், இல்லை.
இன்னும் பார்க்கிறோம்.
இன்னும் பார்க்கிறோம்.
பெட்டி கூவியது. அழுத்தினேன்.

கேப்டனை எழுப்பியிருக்க வேண்டும்.
என்ன சொல்வார் என்று தெரியும்,
அதனால் எழுப்பவில்லை.
மைக்கை எடுத்துக் கப்பல் பெயரைச் சொன்னேன்.
அது ஆள் இல்லை, எங்கள் பொம்மை.
மாலையில் தொலைத்தோம்.
மீட்டதாக எழுதியிருக்கிறது.
எழுதியது நான்.

கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.
உங்கள் ஆட்களை எண்ணிவிட்டீர்களா, என்றாள்.
இருபத்திரண்டு பேர், என்றேன்.
இப்போது எண்ணினீர்களா?

ஜோயலை அனுப்பினேன்,
கதவு கதவாகத் தட்டு, முகத்தைப் பார்.
ஒவ்வொரு தளத்திலும் விளக்கு எரிந்தது,
ஒவ்வொரு மொழியிலும் வசவு கேட்டது.
இருபத்தோராவது கதவு கேப்டனுடையது.
கடைசி ஆள் நான்.

விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு
காவல்படைப் படகு எங்களை ஒட்டி வந்தது.
ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கக் கிடத்தி
கழுத்துவரை வார் கட்டி
முகத்தைப் போர்வையால் மூடியிருந்தார்கள்.
பொம்மை என்று தெரிந்த பிறகு
யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை போலும்.
சார்ஜன்ட் ஹஃபீஸ் திட்டவில்லை.
படிவத்தை நீட்டினார்.
மீட்க ஆன நேரம் என்ற கட்டத்தில்
பதின்மூன்று மணி இருபது நிமிடம் என்று எழுதினேன்.
கேப்டன் பக்கத்தில்தான் நின்றார்.
பேனா அவருடையது.

பிறகு தூக்கினோம்.
தண்ணீர் குடித்துக் குடித்து
ஓர் ஆளின் கனத்துக்கு வந்திருந்தது.
லெனின் தலைப்பக்கம்,
கால்பக்கம் நான்.